ஜப்பான் வெந்நீர் ஊற்று விடுதியில் ஓர் இரவு: கேள்வி பதில்

ஒசாக்காவில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் தோழிகளையும் ரியோக்கானுக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ரியோக்கான் என்பது பாய் பரப்பிய அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, பொதுக் குளியல் தொட்டி எல்லாம் சேர்ந்த பழைய பாணி விடுதி. ஒன்சென் என்பது அந்தத் தொட்டிக்கு வரும் வெந்நீர் ஊற்று. கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஒரு ராத்திரிக்கு 25,000 யென்னு போட்டிருக்கு. சாதாரண ஹோட்டல் 8,000க்கே கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு? (சென்னை, புதுமணத் தம்பதி)

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ரியோக்கானில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் விலை போடுவார்கள், அறைக்கு இல்லை. இருவருக்கு 50,000. அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அடங்கும். இதற்கு மேல் குளியல் வரி என்று ஆளுக்குச் சுமார் 150 யென் வரும்.

நீங்கள் காசு கொடுப்பது படுக்கைக்கு மட்டுமல்ல. மதியம் 3 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணிவரை உள்ள நேரம் முழுவதற்கும். கியோட்டோவை நாள் முழுக்கச் சுற்றிவிட்டு இரவு 8 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பாதிப் பணம் வீண். சாப்பாடு 6 அல்லது 6.30க்குத் தொடங்கிவிடும். சமையலறை உங்களுக்காகக் காத்திருக்காது. 3 மணிக்கே போங்கள், தேநீர் குடியுங்கள், சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், தூங்கும் முன் ஒன்று, எழுந்ததும் ஒன்று. அன்றைக்கு வேறு திட்டமே வைக்காதீர்கள். அப்படி இருக்க மனமில்லை என்றால் 8,000 யென் ஹோட்டலே நல்லது. மனதாரச் சொல்கிறேன்.

உண்மையிலேயே துணியில்லாமதான் குளிக்கணுமா? நீச்சல் உடை போட்டுக்கலாமா? (கோவை வாசகி)

துணியில்லாமல்தான். ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். இந்தக் கேள்விதான் எல்லோரையும் தயங்க வைக்கிறது, அதனால் நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

வாசலில் துணித் திரை தொங்கும். பெரும்பாலும் பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம். உள்ளே கூடையில் எல்லாத் துணியையும் போட்டுவிட்டு, ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சுவரோரம் குழாயும் குட்டை முக்காலியும் வரிசையாக இருக்கும். அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலச வேண்டும். அழுக்குப் போவது இங்கேதான். தொட்டி ஊறுவதற்கு மட்டும். கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், முடி நீரில் படக் கூடாது. துண்டையும் தொட்டிக்குள் நனைக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் ஊறும் நீர் என்பதால்தான் நீச்சல் உடைக்கும் தடை.

பக்கத்தில் இருப்பவர் உங்களைப் பார்ப்பார் என்ற பயம் வேண்டாம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அதுதான் அங்கே மரியாதை. அப்படியும் கூச்சமாக இருந்தால் விடியற்காலை 5 மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. ஒரே எச்சரிக்கை: பல விடுதிகளில் ஆண், பெண் பக்கங்களை இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். நேற்றுப் போன வழி என்று நினைத்து நுழையாதீர்கள், திரையைப் பார்த்து நுழையுங்கள்.

தம்பதியாகவோ குடும்பமாகவோ மட்டும் குளிக்க வேண்டுமென்றால் ‘காஷிகிரி’ என்று கேளுங்கள். தனித் தொட்டியை முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று உங்களுக்கே விடுவார்கள். அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டியும் உண்டு, விலை கூடும்.

அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். தாலி, மெட்டி கழட்ட மாட்டாங்க. பிபி வேற இருக்கு. (மதுரை)

மெட்டிதான் சிக்கல். கந்தகம் கலந்த ஊற்றில் வெள்ளி சீக்கிரமே கறுத்துவிடும். 22 காரட் தங்கத்திலும் வெள்ளியும் செம்பும் கலந்திருப்பதால் அதுவும் மங்கலாம். குசாட்சு, நோபோரிபெட்சு போன்றவை கந்தக ஊர்கள், முட்டை அழுகிய வாடையே காட்டிக்கொடுக்கும். அம்மாவுக்குக் கினோசாக்கி மாதிரி உப்பு ஊற்று உள்ள ஊராகப் பாருங்கள். தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தால் பொதுத் தொட்டி வேண்டாம், மஞ்சள் நீரில் இறங்கும். தனித் தொட்டி எடுத்துக் கொடுங்கள், அம்மாவும் நிம்மதியாக இருப்பார்.

பிபிக்கு முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். இறங்குமுன் காலிலிருந்து மேலே மேலே வெந்நீரை ஊற்றி உடம்பைப் பழக்க வேண்டும். முதல் தடவை 5 நிமிடம் போதும். எழும்போது மெதுவாக. குளிர்காலத்தில் உடை மாற்றும் அறை ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிரிலிருந்து நேரே சூட்டில் இறங்குவதுதான் வயதானவர்களுக்கு ஆபத்து. தனியாக அனுப்பாதீர்கள்.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு வழி உண்டா? (கும்பகோணம்)

உண்டு, ஆனால் முன்கூட்டியே பேச வேண்டும். "கறி, மீன் வேண்டாம்" என்றால் போதாது. ஜப்பானியச் சமையலுக்கு அடிநாதம் தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியோடு காய்ந்த கட்சுவோ மீன் சீவலையும் போட்டு எடுப்பது. நம் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக்கருவாடு ஆகிறதே, அதே சூரை மீன்தான். மிசோ சூப், வேகவைத்த காய், டோஃபு மேல் ஊற்றும் சாறு, டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் நீர், எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது என்பதால் சமைப்பவருக்கே அது அசைவமாகத் தோன்றாது. ஆகவே "கட்சுவோ தாஷியும் கூடாது, கொம்பும் ஷியித்தாக்கே காளானும் போட்டு எடுத்த தாஷி சரி" என்று எழுத்தில் அனுப்புங்கள். பூண்டு, வெங்காயம் தவிர்ப்பவர்கள் அதையும் தனியாக எழுத வேண்டும்.

குறைந்தது பத்து நாள் முன்பே சொல்லுங்கள். எத்தனை பேரோ அதற்கேற்பத்தான் பொருள் வாங்குவார்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம், உங்களுக்குப் பட்டினி. முடியாது என்று பதில் வந்தால் வற்புறுத்தாமல் அடுத்த விடுதியைப் பாருங்கள். முடியும் என்று சொன்ன இடத்தில் யூபா (சோயாப் பாலின் ஆடை), எள் டோஃபு, மலைக்கீரை டெம்புரா என்று அழகாகச் செய்து தருவார்கள். கவலையே வேண்டாம் என்றால் கோயாசான் மலைக்குப் போங்கள். அங்குள்ள கோயில் விடுதிகளில் துறவிகளின் சைவச் சாப்பாடுதான். புக்குச்சி-இன் என்ற கோயிலில் ஊற்றுக் குளியலும் உண்டு.

தோளில் பச்சை குத்தியிருக்கேன். உள்ளே விடுவாங்களா? (பெங்களூர்)

இடத்தைப் பொறுத்தது. 2015ல் ஜப்பான் சுற்றுலா முகமை கேட்டபோது, பதில் சொன்ன சுமார் 600 இடங்களில் 56 சதவீதம் அனுமதிப்பதில்லை என்றன. சிறியதென்றால் ஒட்டுத்தாளால் மறைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. கினோசாக்கியின் 7 பொதுக் குளியலகங்களிலும் தடையில்லை.

8 வயசுப் பையனை என்கூடப் பெண்கள் பக்கம் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். 2020ல் அரசு வழிகாட்டுதலை மாற்றி, சுமார் 7 வயதிலிருந்தே எதிர்ப் பாலினத்தவர் பக்கம் கூடாது என்றாக்கியது. அப்பாவோடு அனுப்புங்கள், இல்லையென்றால் தனித் தொட்டி.

குழாய்த் தண்ணியைச் சூடு பண்ணி ஒன்சென்னு ஏமாத்த மாட்டாங்களா அண்ணி?

நல்ல கேள்வி. 1948ல் வந்த சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் 25 டிகிரியாவது சூடு இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது உரிய அளவு இருக்க வேண்டும். அதனால் குளிர்ந்த ஊற்றைச் சூடாக்கினாலும் சட்டப்படி ஒன்சென்தான். 2004ல் நாகானோவின் ஷிராஹோனேயில் பால்நிறம் வருவதற்காகக் குளியல் பொடி கலந்தது வெளியாகி நாடே கொதித்தது. மறுவருடத்திலிருந்து நீர் கலப்பது, சூடாக்குவது, சுழற்சி முறை, பொடி எல்லாவற்றையும் எழுதி மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. உடை மாற்றும் அறைச் சுவரில் இருக்கும். ‘கென்சென் காகேநாகாஷி’ என்றிருந்தால் ஊற்றுநீர் தொட்டியில் விழுந்து வழிந்து வெளியே போய்விடுகிறது, திரும்ப வருவதில்லை. எனக்கு அப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும்.

முதல் தடவைக்கு எந்த ஊர்?

டோக்கியோவிலிருந்து கிளம்பினால் பலரும் ஹக்கோனேயைச் சொல்வார்கள், பக்கம். நான் கினோசாக்கியைச் சொல்வேன். கியோட்டோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். யுகாத்தா என்னும் மெல்லிய பருத்தி அங்கியும் மரச் செருப்பும் போட்டுக்கொண்டு ஊரே குளியலகம் குளியலகமாக நடக்கும், புதியவர் என்று யாரும் உங்களைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். விடுதியில் தங்குபவர்களுக்குக் குளியலகங்கள் இலவசம். யுகாத்தாவில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

பெரிய பெட்டி இருக்கு. டிப்ஸ் எவ்வளவு கொடுக்கணும்?

பெட்டியைத் தக்யூபின் என்னும் கூரியரில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு ஒரு கைப்பையோடு போங்கள். எடுத்துப் போனாலும் சக்கரத்தைப் பாய்மேல் உருட்டாதீர்கள், சித்திரம் தொங்கும் மாடத்தில் சாமான் வைக்காதீர்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. உங்களுக்கென்று தனியாக ஏதாவது செய்து தரச் சொல்லியிருந்து, மனதாரக் கொடுக்க விரும்பினால் 1,000 முதல் 3,000 யென்வரை ஒரு சிறு உறையில் போட்டு, தேநீர் கொண்டுவரும் பெண்மணியிடம் அப்போதே கொடுங்கள். வெறும் நோட்டாக நீட்ட வேண்டாம். வாங்க மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள்.