நோட்டர் டேம் ஏன் தனியாகவே ஆட வேண்டும்? – கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் நான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தேன். 2025 சீசனில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி 10 ஆட்டம் ஜெயித்து இரண்டில் மட்டும் தோற்றது. அப்படியும் தேசியப் பட்டத்துக்காக 12 அணிகள் மோதும் பிளேஆஃபில் இடமில்லை. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் ஏசிசி கான்ஃபரன்ஸில், அதாவது கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்பில்தானே இருக்கிறார்கள்? ஃபுட்பாலிலும் சேர்ந்துவிட்டால் என்ன? எதற்கு இந்த வீம்பு?

கே.

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியல் வந்த ஞாயிறன்று எனக்கும் மனசு ஆறவில்லை. ஆனால் சேர்ந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வருடம் ஏசிசி பட்டத்தை வென்றது டியூக். அதற்கே பிளேஆஃபில் இடமில்லை. உள்ளே போன மயாமி ஏசிசி இறுதி ஆட்டத்துக்கே வரவில்லை. அதன் கணக்கும் 10-2தான். ஆனால் சீசனின் முதல் ஆட்டத்தில் நோட்டர் டேமை 27-24 என்று தோற்கடித்திருந்தது. அடுத்து டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று தோல்வி. இதில் ஒன்றை ஜெயித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. முந்தைய சீசனில் இதே தனி அணிதான் இறுதிப்போட்டி வரை போனது.

வீம்பு என்கிறீர்கள். தனியாக ஆடுவது முதலில் அவர்கள் விரும்பி எடுத்த முடிவே அல்ல. இன்று பிக் டென் எனப்படும் இன்னொரு கான்ஃபரன்ஸில் சேர சுமார் நூறு வருடம் முன்பு கேட்டார்கள், சேர்க்கவில்லை. அதிலிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபீல்டிங் யோஸ்ட் எதிர்ப்பில் முன்னால் நின்றார். நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்; கத்தோலிக்கர்கள் மீதான காழ்ப்பும் அதில் உண்டு. நோட்டர் டேம் பயிற்சியாளர் நூட் ராக்னி அணியை ரயிலேற்றி நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் கூட்டிப்போனார். சவுத் பெண்ட் என்ற சின்ன ஊரின் அணிக்கு நாடு முழுக்க ரசிகர்கள் சேர்ந்தது அப்படித்தான். 1999இல் பிக் டென்னே அழைத்தபோது, வேண்டாம் என்று சொன்னது நோட்டர் டேம்.

அப்புறம், நேவி, அதாவது அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் அணி. இரண்டாம் உலகப் போரில் மாணவர்கள் குறைந்து பல்கலைக்கழகம் திணறியபோது, கடற்படைதான் தன் பயிற்சியை அங்கே நடத்தித் தாங்கிப் பிடித்தது. நேவியோடு 1927இல் தொடங்கிய ஆட்டம் 2019 வரை ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 2020இல் கோவிட் நிறுத்தியது. 1964இலிருந்து தொடர்ந்து 43 முறை நேவி தோற்றது. அப்போதும் யாரும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. முடிந்ததும் இரண்டு அணியினரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கல்லூரியின் பாட்டுக்கு மற்றவரும் சேர்ந்து நிற்பார்கள். பாருங்கள், வேர்வையும் மண்ணுமாக நிற்கும் அந்தப் பையன்களை. 12 ஆட்டத்தில் எட்டோ ஒன்பதோ கான்ஃபரன்ஸுக்கே போய்விட்டால் இதற்கெல்லாம் எங்கே இடம்?

எனக்குக் கவலை லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சி பல்கலைக்கழக அணியோடு ஆடும் ஆட்டத்தைப் பற்றித்தான். 1926இல் ஆரம்பித்த அந்தத் தொடர் 2025 ஆட்டத்தோடு நின்றுவிட்டது. நேவியும் போய், ஆட்டங்களை ஒளிபரப்ப என்பிசி தொலைக்காட்சி தரும் பணம் மட்டும் மிஞ்சினால் நானும் உங்கள் கட்சிதான். அதற்கு முன்னால் நோட்டர் டேம் நிர்வாகம் யுஎஸ்சியோடு மறுபடி உட்கார்ந்து பேசட்டும். தேதிதான் தகராறு என்றால், அவர்கள் கேட்கும் தேதியையே கொடுத்துவிடலாம்.