எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது பங்கு வாங்கலாமா?

கேள்வி: 2024 ஜூன் 3 அன்று, எக்சிட் போல் முடிவுகளை நம்பி அரசு நிறுவனப் பங்குகள் ஐந்தை வாங்கினேன். மறுநாளே பயந்துபோய் பெரிய நஷ்டத்தில் விற்றுவிட்டேன். அந்த வாரமே சந்தை மீண்டுவிட்டது. டிவி, யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் ஒரே குரலில் பேசும்போது அதை எவ்வளவு நம்பலாம்? எப்படிச் சரிபார்ப்பது? (வாசகி, ஈரோடு)

பதில்: முதலில் அந்த இரண்டு நாள்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஜூன் 1 சனிக்கிழமை மாலை, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் எக்சிட் போல்கள் வெளியாயின. பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. திங்கள்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறி 76,468-இல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293. பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்றாலும் ஆட்சி கைமாறவில்லை. ஆனாலும் சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் விழுந்தது. எஸ்பிஐ 14 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. மின்துறைக்குக் கடன் தரும் அரசு நிறுவனங்களான ஆர்இசி, பிஎஃப்சி இரண்டும் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கின.

ஒரே இரவில் எஸ்பிஐயின் வாராக்கடன் கூடிவிட்டதா? இல்லை. "அசைக்க முடியாத பெரும்பான்மை, அரசின் மூலதனச் செலவு தொடரும், அரசு நிறுவனங்களுக்கு ஏறுமுகம்" என்ற பேச்சு பல மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் அந்தப் பேச்சுக்கும் சேர்த்தே விலை கொடுத்திருந்தார்கள். பேச்சின் ஒரு கால் முறிந்ததும் அதற்குக் கொடுத்த விலை கழன்றுவிட்டது. அதே நாளில் இந்துஸ்தான் யூனிலீவர் சுமார் 6 சதவீதம் ஏறியதையும் கவனியுங்கள். "கூட்டணி அரசு என்றால் கிராமத்துக்குச் செலவு கூடும், சோப்பும் ஷாம்பும் விற்கும்" என்று அன்றே வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது.

ஆகவே, கேட்கும் செய்தி உண்மையா என்பதோடு நிற்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் இன்றைய விலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பணம் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

2008 ஜனவரியில் வந்த ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு இதற்கு நல்ல சான்று. நாட்டில் மின்பற்றாக்குறை இருந்தது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நிறுவனத்திடம் அப்போது ஓடிக்கொண்டிருந்த மின்நிலையம் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மை. வெளியீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 73 மடங்கு. வெளியீட்டு விலை 450 ரூபாய், பட்டியலான முதல் நாள் முடிவில் 372.50.

விலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்குக் காகிதமும் கால்குலேட்டரும் போதும். ஒரு வருடத்தில் பங்கு விலை இரட்டிப்பானது, லாபம் 20 சதவீதம்தான் கூடியது என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ 1.2-ஆல் வகுத்தால் 1.67. அதாவது முன்பு பிஇ விகிதம் (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 15 என்றால் இப்போது 25. நிறுவனம் சம்பாதித்தது 20 சதவீதம், மீதி ஏற்றம் முழுக்க நம்பிக்கை. அந்த மீதிதான் ஒரு கெட்ட செய்தியில் கரையும்.

அடுத்து, விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) 60,000 கோடி, ஆண்டு லாபம் 500 கோடி என்போம். உங்களுக்கு வருடம் 12 சதவீதம் வருமானம் வேண்டும் என்றால் பத்து வருடத்தில் மதிப்பு சுமார் 1,86,000 கோடி ஆக வேண்டும். அப்போது பிஇ 25-க்கு வந்து நிற்கும் என்று கொண்டால், லாபம் ஏறக்குறைய 7,450 கோடி தேவை. இன்றைய லாபத்தைப் போல் 15 மடங்கு, அதாவது பத்து வருடம் விடாமல் ஆண்டுக்கு 31 சதவீத வளர்ச்சி. அந்த நிறுவனத்தின் பழைய ஆண்டறிக்கைகளில் அப்படி வளர்ந்த காலம் உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால், செய்தி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் விலை அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஆர்டர் செய்திகளுக்கும் இதே பாடம். "2,000 கோடி ஆர்டர்" என்று கொட்டை எழுத்தில் வரும். எத்தனை வருடத்தில் முடிக்க வேண்டும் என்பது பங்குச்சந்தைக்கு நிறுவனம் கொடுத்த அறிவிப்பில் இருக்கும். ஐந்து வருடம் என்றால் ஆண்டுக்கு 400 கோடி விற்பனை. நிகர லாபம் 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40 கோடி, மொத்தமே 200 கோடி. அந்தச் செய்திக்குச் சந்தை மதிப்பு 3,000 கோடி கூடியிருந்தால் அது அன்றைய உற்சாகம், வேறொன்றுமில்லை.

இனி, ஒரே குரல் பற்றி. பத்து சேனல்கள் சொன்னால் பத்துச் சான்றுகள் ஆகிவிடாது. ஒரே எக்சிட் போலைப் பத்துப் பேர் வாசித்திருக்கலாம். எக்சிட் போல்களின் பலவீனம் எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: வாக்குச் சதவீதத்தை இடங்களாக மாற்றும் இடத்தில். பாஜகவின் வாக்குப் பங்கு 2019-இல் 37 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது, 2024-இல் 36.6 சதவீதம் அளவில் நின்றது. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இடங்களோ 303-லிருந்து 240-க்கு இறங்கின. இத்தனை சிறிய மாற்றத்தை எந்தக் கணிப்பாலும் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஆகவே கணிப்பு சொல்லும் நடு எண்ணை விட்டுவிட்டு, "இதில் 60 இடம் குறைந்தால் என் பங்குக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாரும் உறுதியாகப் பேசியபோது உறுதியில்லாமல் இருந்த ஓர் எண்ணும் உண்டு. இந்தியா விக்ஸ் என்பது, ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளிலிருந்து கணக்கிடப்படும் ஏற்ற இறக்க அளவு. ஏப்ரல் கடைசி வாரத்தில் 10-ஐ ஒட்டி இருந்த அது, மே கடைசியில் 24-ஐத் தாண்டியது. அதை 16-ஆல் வகுத்தால், சந்தை ஒரு நாளைக்குச் சுமாராக எத்தனை சதவீத அசைவை எதிர்பார்க்கிறது என்று தெரியும்: 10-க்கு 0.6, 24-க்கு 1.5. டிவியில் சந்தேகமே இல்லை என்ற நேரத்தில், காப்பீடு வாங்குவதுபோல் ஆப்ஷன்களுக்கு அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் பலர். தேசியப் பங்குச்சந்தையின் (என்எஸ்இ) இணையதளத்தில் இந்த எண்ணை இலவசமாகப் பார்க்கலாம். தேர்தல், பட்ஜெட் வாரங்களில் கட்டாயம் பாருங்கள்.

ஐந்து பங்குகள் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஐந்தும் ஒரே பந்தயம். வங்கி, ரயில்வே, மின்நிதி, பாதுகாப்புத் தளவாடம் என்று துறை வேறாக இருந்தாலும், எல்லாம் ஒரே தேர்தல் முடிவை நம்பி ஏறியவை. ஒரே பேச்சை நம்பிப் போடும் பணம் மொத்த முதலீட்டில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பெரிய நிகழ்வுக்கு முந்தைய நாளும் அன்றைய முதல் அரை மணி நேரமும் வாங்கவே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாமல், நீங்கள் குறித்த விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டர் போடுங்கள்.

விற்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். வாங்கும் நாளிலேயே மூன்று வரி எழுதி வையுங்கள்: இந்த நிறுவனத்தின் எந்த எண் கூடும், எந்தக் காலாண்டுக்குள், என்ன நடந்தால் நான் தவறு. ஜூன் 4 அன்று அந்தக் காகிதம் இருந்திருந்தால் விலை மட்டும் விழுந்ததா, வாங்கிய காரணமே போய்விட்டதா என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். சென்செக்ஸ் ஜூன் 7 அன்றே 76,693-இல் புதிய உச்சத்தில் முடிந்தது. எப்போதும் மூன்று நாளில் மீளும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004-இல் "இந்தியா ஒளிர்கிறது" பிரசாரத்துடன் தேர்தலைச் சந்தித்த வாஜ்பாய் அரசு தோற்றது. தமிழ்நாட்டின் 39 இடங்களையும் திமுக கூட்டணி அள்ளிய தேர்தல் அது. மே 17 அன்று வர்த்தகம் இருமுறை நிறுத்தப்பட்டு, சென்செக்ஸ் 11 சதவீதம் சரிந்து 4,505-இல் முடிந்தது. அந்த ஆண்டு முடிவில் 6,600. அதுவரை தாங்க முடிந்தவர்கள், கடன் வாங்கிப் போடாதவர்கள்தான்.

யூடியூப், வாட்ஸ்அப் டிப்ஸ் இதைவிட ஆபத்தானவை. அங்கே பேச்சே பொய்யாக இருக்கலாம். சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்றெல்லாம் 2022-இல் யூடியூபில் பொய் வீடியோக்கள் ஓடின. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 மார்ச்சில் கொடுத்த இடைக்கால உத்தரவின்படி, சிறு பங்குதாரர்கள் இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து 55,000-க்கு மேல் பெருகினார்கள். உயர்ந்த விலையில் அவர்கள் வாங்க, புரோமோட்டர்கள் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள்) சிலர் விற்று வெளியேறினார்கள். இதைக் காட்டிக்கொடுப்பது பங்குதாரர் பட்டியல். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாளுக்குள் மும்பைப் பங்குச்சந்தை (பிஎஸ்இ), என்எஸ்இ தளங்களில் வரும். புரோமோட்டர் பங்கு குறைந்து சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை மளமளவென்று ஏறினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வதந்தி என்றால், சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்கள், அதனால் விலை கணிசமாக அசைந்த 24 மணி நேரத்துக்குள் ஆமென்றோ இல்லையென்றோ விளக்கம் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் பொறுத்து அந்த அறிவிப்பைப் படியுங்கள்.

பங்குப் பரிந்துரை தருபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளருக்கு ஐஎன்எச் (INH), ஆலோசகருக்கு ஐஎன்ஏ (INA) என்று அந்த எண் தொடங்கும். செபி தளத்தில் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவு பெற்றவர் மீதான புகாருக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. பதிவே இல்லாத குழுவிடம் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன்பு தகவல் போனால்தான் அதை முடக்க வாய்ப்புண்டு.