பேர்ஸ்டோவை கேரி ஆட்டமிழக்கச் செய்தது விதிப்படி சரியென்றால், அது விளையாட்டு அறத்துக்கு எதிரானது என்று ஏன் சொல்கிறார்கள்?

2023 ஜூலை 2 அன்று லார்ட்ஸ் ஆஷஸ் டெஸ்டில், ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீன் வீசிய பவுன்சருக்குக் குனிந்து வழிவிட்ட இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஜானி பேர்ஸ்டோ, ஓவர் முடிந்ததென்று தானாகவே முடிவு செய்து கிரீஸை விட்டு நடந்தார். பந்தைப் பிடித்த கையோடு ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் அலெக்ஸ் கேரி அதை ஸ்டம்புகளை நோக்கி எறிந்துவிட்டார். ஃபீல்டிங் அணியும் இரு பேட்ஸ்மேன்களும் பந்தை ஆட்டத்தில் உள்ளதாகக் கருதவில்லை என்பது நடுவருக்குத் தெளிவானால்தான் அது டெட் பால், அதாவது ஆட்டத்தில் இல்லாத பந்து, ஆகும். ஒருவர் மட்டும் அப்படி நினைத்தால் போதாது. ஆகவே அது அவுட்தான், அதில் வஞ்சகம் ஏதுமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், பேட்ஸ்மேன் மைதானத்தை விட்டு வெளியேறும் முன், நடுவரின் சம்மதத்தோடு, அவுட் கேட்ட முறையீட்டைத் திரும்பப் பெறும் உரிமையையும் அதே விதிகள் கேப்டனுக்குத் தருகின்றன. விவாதம் முழுவதும் அந்த உரிமையைச் சுற்றியதே. 1980 பம்பாய் டெஸ்டில் இந்தியக் கேப்டன் விஸ்வநாத் அதைப் பயன்படுத்தி இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன்கள் சேர்க்க, இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. அது கொடை, கடமையன்று. கொடுக்காத அன்றைய ஆஸ்திரேலியக் கேப்டன் பேட் கம்மின்ஸைக் குற்றவாளி என்பது நியாயமாகாது.

எனக்கு வருத்தம் தந்தது, அன்று லார்ட்ஸ் பெவிலியனுக்குள்ளேயே கிளப் உறுப்பினர்கள் சிலர் ஆஸ்திரேலிய வீரர்களை வசைபாடியதுதான். சென்னைக்காரர்களான நமக்கு இதில் வேறோர் அளவுகோல் உண்டு: 1999 ஜனவரி 31 அன்று, சச்சின் 136 ரன் எடுத்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, நெஞ்சு கனத்திருந்த சேப்பாக்கம் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது.