தண்ணி எந்த வழியால் வந்தது?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு. ரொறன்ரோ ஸ்காபரோவில் வாங்கிய வீட்டின் காப்புறுதிப் பத்திரத்தில் 'வாட்டர் டாமேஜ்' என்று இருக்கிறதே, தண்ணியால் வரும் எல்லாச் சேதத்துக்கும் காசு தருவார்களா? டிசம்பரில் நாலு கிழமை யாழ்ப்பாணம் போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் போதுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில்.

காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது தண்ணி எவ்வளவு என்பதை அல்ல, எந்த வழியால் வந்தது என்பதை. குழாய் திடீரென்று வெடித்தது, உடுப்புத் தோய்க்கும் மெஷினின் ஹோஸ் கழன்றது, சுடுதண்ணித் தாங்கி உடைந்தது என்றால் அடிப்படைப் பத்திரமே தாங்கும். அங்கேயும் நனைந்த நிலம், சுவர், தளபாடத்துக்குத்தான் காசு. உடைந்த தாங்கிக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். குசினி சிங்குக்கு அடியில் மாதக்கணக்காகச் சொட்டி அலுமாரி உக்கியிருந்தால் அதுவும் கிடையாது. அது திடீர் விபத்து அல்ல, பராமரிப்புக் குறை என்று எழுதுவார்கள். ஆகவே மெஷினில் இருப்பது கறுத்த ரப்பர் ஹோஸ் என்றால் இப்போதே கழற்றிவிட்டு, ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ் போடுங்கள்.

மழை பெய்து நகரத்தின் கழிவுநீர்க் குழாய் நிரம்பி, பேஸ்மென்ற், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தின், நிலத்திலுள்ள துவாரத்தால் தண்ணி மேலே வந்தால் அது 'சூவர் பேக்கப்'. வீதியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஓடி வந்து கதவாலும் யன்னலாலும் புகுந்தால் அது 'ஓவர்லாண்ட் வாட்டர்'. இரண்டும் அடிப்படைப் பத்திரத்தில் பொதுவாக இருக்காது. மேலதிகக் காசு கட்டித் தனித்தனியாகச் சேர்க்கவேண்டும். 2013 ஜூலை 8 இல் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது, ஓவர்லாண்ட் காப்புறுதியைச் சாதாரண வீட்டுக்காரர் வாங்க வழியே இருக்கவில்லை. 2015 இலிருந்துதான் விற்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலை 16 இல் அதே இடத்தில் 97.8 மில்லிமீற்றர் பெய்தது. ரொறன்ரோவில் பேஸ்மென்ற் உள்ளவருக்கு இந்த இரண்டும் அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்திவாரச் சுவரால் மெல்லக் கசியும் நிலத்தடி நீருக்கு மட்டும், இவை இருந்தாலும் பெரும்பாலும் காசு வராது.

பத்திரத்தின் முதல் பக்கத்தில் சூவர் பேக்கப்புக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு ஆறு லட்சம் டொலர் காப்புறுதி இருந்தாலும், இதற்கு மட்டும் பத்தாயிரமோ இருபத்தையாயிரமோதான் என்று இருக்கலாம். டிடக்டிபிள், அதாவது உங்கள் கையால் போகும் முதல் தொகை, தண்ணிக்குக் கூடுதலாகவும் இருக்கலாம். பேஸ்மென்றை வாடகைக்கு விடுவதாக இருந்தால் அதையும் புறோக்கருக்கு எழுதி அறிவியுங்கள். மறைத்தால், தண்ணிச் சேதத்துக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் சிக்கல் வரும்.

கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு பொருத்த ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கடும் மழையில் அந்த வால்வு மூடிக்கொண்டால் உங்கள் வீட்டுத் தண்ணியும் வெளியேறாது. அந்த நேரம் குளித்தாலோ மெஷின் போட்டாலோ உங்கள் தண்ணியே பேஸ்மென்றில் நிரம்பும்.

இனி பயணம். அநேகமான பத்திரங்களில், வீட்டைச் சூடாக்கும் காலத்தில் தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால், குழாய் உறைந்து வெடித்த சேதத்துக்குக் காசு இல்லை என்று ஒரு வரி இருக்கும். விலக்கு இரண்டு: பிரதான வால்வைப் பூட்டிக் குழாய்களை வடித்திருக்கவேண்டும், அல்லது ஒருவர் ஒவ்வொரு நாளும் உள்ளே போய் ஹீற்றர் ஓடுகிறதா என்று பார்த்திருக்கவேண்டும். கிழமைக்கு ஒருமுறை அயலவர் தபால் எடுக்க வந்தது கணக்கில் வராது.

நீங்கள் இரண்டையும் செய்யுங்கள். பிரதான வால்வு பேஸ்மென்றில், தண்ணி மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். நீட்டுப் பிடி என்றால் கால் சுற்று திருப்பிக் குழாய்க்குக் குறுக்காக நிறுத்துங்கள். வட்டப் பிடி என்றால் நிற்கும்வரை வலப்பக்கம் சுற்றுங்கள். பிறகு மேல்மாடிக் குழாயையும் ஆகக் கீழே உள்ள குழாயையும் திறந்து ஓடி முடியவிடுங்கள், கொமோட்டுகளை ஒருமுறை இழுத்துவிடுங்கள். சுடுதண்ணித் தாங்கியை 'வக்கேஷன்' நிலைக்கு மாற்றுங்கள். ஹீற்றரை நிற்பாட்டவேண்டாம், 15 பாகையில் விடுங்கள். வந்து பார்ப்பவர் தினமும் தெர்மோஸ்ராற்றைப் படம் எடுத்து அனுப்பட்டும். திகதியும் நேரமும் உள்ள படம்தான் பிறகு உங்கள் சாட்சி. உங்கள் பத்திரம் எத்தனை நாள் என்கிறது, இந்த ஏற்பாடு போதுமா என்று புறோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்திருங்கள்.

எப்போதாவது தண்ணி வந்துவிட்டால், பிளக் பொயின்ற் வரை ஏறியிருந்தால் கால் வைக்காதீர்கள். முதலில் மின்சாரம் நிற்கவேண்டும். அடுத்து பிரதான வால்வைப் பூட்டுங்கள், எதையும் நகர்த்த முன் படம் எடுங்கள், பிறகு காப்புறுதிக்குப் போன் அடியுங்கள். இங்கே கவனம். நாங்கள் எந்தத் தண்ணி வந்தாலும் "பேஸ்மென்ற் வெள்ளம்" என்றுதான் சொல்லுவோம். குழாய் வெடித்ததை 'ஃப்ளட்' என்று சொன்னால் வெளியிலிருந்து வந்த வெள்ளம் என்ற பொருளில் கோப்பில் அந்தச் சொல்லே ஏறும், பிறகு அதை மாற்ற அலையவேண்டி வரும். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: எந்த இடத்தால் வந்தது, தெளிவா, மணத்ததா, மழை பெய்ததா. பிளம்பரிடம் பில்லில் காரணத்தை எழுதி வாங்குங்கள். சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்ரர் வரும்வரை தண்ணியை இறைத்துக் காயவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அதை வளரவிட்டது உங்கள் தவறு என்பார்கள். எறியவேண்டிய கார்ப்பெற்றில் ஒரு துண்டு சாட்சிக்கு வெட்டி வைத்திருங்கள்.

காசு தர மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், பத்திரத்தின் எந்த வரி என்று கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவிலும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஜெனரல் இன்சூரன்ஸ் ஓம்பட்சேர்விஸ் இலவசமாகப் பார்க்கும். வழக்குப் போடுவதற்கு ஒன்ராறியோவில் பொதுவாகச் சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான். அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்துவிட்டு, அது நெருங்க முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.