ஸ்லாட் விளையாட்டை மாற்றிவிட்டார்கள், நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன், வயது 41. ஆறேழு வருடமாக ஆன்லைனில் ஒரே ஸ்லாட்தான் (பணம் கட்டிச் சக்கரம் சுழற்றும் சூதாட்டம்) விளையாடுகிறேன். முன்பெல்லாம் தானாகவே சுழலும்படி ஆட்டோபிளேயில் போட்டுவிட்டுச் சமையலைப் பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் விரலால் தட்ட வேண்டும், அதுவும் ஆமை வேகம். ஒரு ஸ்பின்னுக்கு 10 பவுண்ட் கட்டிக்கொண்டிருந்தேன், இப்போது 5-க்கு மேல் விடுவதில்லை. போதாததற்கு, உதவிப் பக்கத்தில் 96 சதவீதம் என்றிருந்த ஆர்டிபி (கட்டும் பணத்தில் சராசரியாக ஆடுபவர்களுக்குத் திரும்பி வரும் பங்கு) 94 ஆகியிருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: முதல் மூன்று குறைகளுக்கும் கம்பெனியைப் பிடித்துப் பயனில்லை. ஸ்லாட்டில் ஆட்டோபிளேயை நிறுத்தியதும், ஒரு ஸ்பின்னுக்குக் குறைந்தது 2.5 விநாடி என்று வைத்ததும் பிரிட்டன் சூதாட்ட ஆணையம். 2021 அக்டோபர் 31 முதல் இதுதான் விதி. 5 பவுண்ட் வரம்பு 2025 ஏப்ரல் 9 முதல் சட்டம். 25 வயதுக்குக் கீழே என்றால் 2 பவுண்ட்தான். அப்புறம் அந்த ஆமை வேகம்: நிமிடத்துக்கு 24 ஸ்பின், ஐந்தைந்து பவுண்டாக 120 பவுண்ட். எனக்கென்னவோ அது ஆமையாகத் தெரியவில்லை.

ஆர்டிபி விஷயம் வேறு. ஒரே ஸ்லாட்டைப் பல சதவீதங்களில் தயாரித்துக் கொடுப்பார்கள்; எதைப் போடுவது என்பது தளம் நடத்துபவர் விருப்பம். இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 100 பவுண்ட் கட்டினால் சராசரியாக அவர்கள் பைக்குப் போனது முன்பு 4, இப்போது 6. ஒன்றரை மடங்கு! உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்பின்னும் தனித்தனிப் பந்தயம். 94 என்று எழுதிவைத்து 94-ஐ ஓட்டினால், 'முன்பு 96 இருந்ததே' என்ற வாதம் நிற்காது.

பக்கத்தில் 96 என்று போட்டுவிட்டு உள்ளே 94-ஐ ஓட்டியிருந்தால் கதையே வேறு. திரையில் காட்டியதற்குக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு நல்ல தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2020-இல் குளோஸ்டர்ஷயர் பெண் ஒருவருக்குத் திரையில் சக்கரம் பெரிய ஜாக்பாட்டில் நின்றது, பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். மென்பொருள் பிழை என்று சொல்லிச் சுமார் 20,000 மட்டும் கொடுத்தார்கள். பொடி எழுத்து நிபந்தனைகளையும் காட்டினார்கள். 2025 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மீதியையும் கொடுக்கச் சொன்னது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உங்கள் கணக்கில் ஆர்டிபி எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அவர்களுடைய நிபந்தனைகளில் குறிப்பிட்டிருக்கும் சமரச அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஆணையத்துக்கு எழுதினால் தகவலாக எடுத்துக்கொள்வார்கள், தனிநபர் பணத் தகராறைத் தீர்த்துத் தர மாட்டார்கள். வழக்குத்தான் என்றால் ஆறு வருடக் கெடு உண்டு. ஆனால் 96 இருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு, உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள், மேற்கொண்டு பேசலாம்.