கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் சரி, அண்ணன் கடனைச் சொன்னீர்களா?

கேள்வி (சுருக்கம்): நான்கு மாதத்தில் எனக்குக் கல்யாணம். நிச்சயமான பெண், சொத்து விஷயத்தில் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம் என்கிறார். எங்கள் வீட்டில் கொதிக்கிறார்கள். எனக்கும் மனசு சரியில்லை. சம்பளம் 60,000. அண்ணன் தொழிலுக்காக என் பெயரில் 10 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன்; 14% வட்டி, 5 வருடம். ஏழு மாதமாகத் தவணையை நான்தான் கட்டுகிறேன். இன்னும் 3 லட்சம் டாப்-அப் (அதே கடனுக்கு மேல் கூடுதல் கடன்) எடுத்துத் தரக் கேட்கிறார். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடலாமா? புதுமணத் தம்பதிக்கான காப்பீடு-முதலீட்டுத் திட்டத்தில் சேரலாமா?

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் கடனுக்கு நீங்கள் ஒதுக்கியது கடைசி நான்கு வரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த நான்கு வரிதான்.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். மாதத் தவணை 23,000 சொச்சம். ஐந்து வருடத்தில் திருப்பிக் கட்டுவது கிட்டத்தட்ட 14 லட்சம். டாப்-அப்பும் எடுத்தால் இன்னொரு 7,000 சேர்ந்து சம்பளத்தில் பாதி போய்விடும். அண்ணன் தொழிலுக்குத்தான் பணம் போனது என்பதெல்லாம் வங்கிக்கு வேண்டாத கதை. கடன் உங்கள் பெயரில், தவணை தவறினால் அடி உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கு. நாளைக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக்கடன் கேட்டு உட்காரும்போது அதிகாரி கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, "இந்த 23,000 என்ன சார்?" என்று கேட்பார். உங்கள் மனைவிக்கு அது அங்கே, அப்படித் தெரியவரக் கூடாது.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அது செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் கோவாவை விட்டால் அதற்குச் சட்ட பலம் மிகக் குறைவு. இங்கிலாந்தில் 2010இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் இதை ஏற்கிற இடங்களில் நீதிமன்றம் முக்கியமாகப் பார்ப்பது, வற்புறுத்தல் இல்லாமல் கையெழுத்து போட்டார்களா, சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் சொன்னார்களா என்பதைத்தான். 10 லட்சத்தை மறைத்துவிட்டு நீங்கள் போடும் கையெழுத்து, பின்னால் அந்தப் பத்திரத்தையே உடைக்கக் காரணமாகலாம். இணையத்தில் கிடைக்கிற ரெடிமேட் படிவத்தில் பெயரை நிரப்பும் வேலையும் வேண்டாம். ஆளுக்கொரு வக்கீல், கல்யாணத்துக்கு நன்றாக முன்பே. பிள்ளைகளுக்கான பராமரிப்புச் செலவை இதில் எழுதித் தட்டிக்கழிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அந்தப் பெண் ஒப்பந்தம் கேட்டதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம் என்று முதலில் வாய் திறந்தவர் அவர்தான். இன்னொன்று, புதுமணத் தம்பதிக்கென்று காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் கட்டி விற்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 14% வட்டிக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் பணம் போடாதீர்கள். மிஞ்சுகிற ஒவ்வொரு காசும் கடனுக்குப் போகட்டும்.

அண்ணனிடம் டாப்-அப் கிடையாது என்று இந்த வாரமே சொல்லுங்கள். பழைய கடனில் மாதம் எவ்வளவு தர முடியும் என்று கேட்டு, 5,000 ஆனாலும் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். வருத்தப்படுவார், படட்டும். அப்புறம் கடன் கணக்கு அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண் முன்னால் வையுங்கள், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால்.