கலர் பென்சிலில் விலங்கு முகங்கள்: கேள்வியும் பதிலும்

கலர் பென்சிலில் விலங்கு வரைவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்ததில் பெரும்பாலானவை முடியைப் பற்றியே. அதனால் அதற்குத்தான் நீளமான பதில்.

கேள்வி: அக்கா, புலி முகத்தில் ஒவ்வொரு முடியாகப் பொறுமையாகப் போடுகிறேன். கடைசியில் துடைப்பம் மாதிரி நிற்கிறது. எங்கே தப்பு?

ஒவ்வொரு முடியாகப் போடுவதில்தான். ஒரு பூனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடி தனித்தனியாகத் தெரியாது. கொத்துக் கொத்தாகச் சாய்ந்து கிடக்கும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே சின்ன இருட்டு இருக்கும். நாம் வரைய வேண்டியது அந்த இருட்டைத்தான், முடி தானாக வந்துவிடும்.

புலியின் கன்னத்தில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ஐவரி (தந்த வெள்ளை) நிறம், பென்சில் எடை மட்டும் தாளில் படுகிற மாதிரி. அதன் மேல் வெளிர் மஞ்சள் காவி, முடி சாயும் திசையில். அப்புறம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை நன்றாகக் கூராக்கி, கொத்துகளின் அடியில் மட்டும் சின்னச் சின்ன ‘V’ போல. வேரில் அழுத்தி ஆரம்பித்து, நுனிக்கு வரும்போது பென்சில் தாளை விட்டு எழும்பியிருக்க வேண்டும். கோடு கூராக முடிவது அதனால்தான். அந்த ‘V’க்குள் ஆழமான இடங்களில் மட்டும் டார்க் செபியா, அதாவது அடர் பழுப்பு. கடைசியாக எல்லாவற்றின் மேலும் காவியை ஒரு முறை மெல்ல ஓட்டினால் தனித்தனியாக நின்றவை ஒன்று சேரும்.

நீளமும் முக்கியம். மூக்குத் தண்டில் முடி மிகக் குட்டை, கிட்டத்தட்டப் புள்ளிதான். நெற்றியில் கொஞ்சம் நீளம், கன்னத்தில் தாராளம். புகைப்படத்தின் பிரதி ஒன்றில் முடி போகும் திசைக்கெல்லாம் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை வளைந்து கொடுக்காத திசை வந்தால் தாளைத் திருப்புங்கள், கையை அல்ல.

கேள்வி: எண்ணெய்ப் பென்சில், மெழுகுப் பென்சில் என்கிறார்களே, எது நல்லது?

இரண்டும் நல்லதுதான், வேலைதான் வேறு. ஃபேபர் காஸ்டெல் பாலிகுரோமோஸ் எண்ணெய் சார்ந்தது. கொஞ்சம் கெட்டி, கூர் நிற்கும், முடிக்கு ஏற்றது. பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு சார்ந்தது. வெண்ணெய் மாதிரி பூசிக்கொள்ளும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். மெழுகை அடர்த்தியாக அழுத்திப் பூசினால் சில நாள் கழித்து இருண்ட இடங்களில் வெள்ளைப் படலம் பூக்கும். பயப்பட வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஃபிக்சேட்டிவ் (படத்தைப் பாதுகாக்கும் ஸ்பிரே) லேசாக அடித்தால் போதும். பெரிய பெட்டியாக வாங்காமல் காவி, பழுப்பு, சாம்பல் வகைகளை உதிரியாக வாங்குங்கள். விலங்குகளுக்கு அவைதான் தீரும்.

கேள்வி: நாலு லேயருக்கு மேல் நிறம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ஆரம்பத்திலேயே அழுத்திவிட்டீர்கள். தாளின் சொரசொரப்பு நசுங்கிவிட்டால் அதற்குப் பிறகு நிறத்துக்குப் பிடிமானம் இல்லை. முதல் லேயர்களில் தாளின் வெண்மை பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அது சரியான அழுத்தம். வழவழப்பான ஆபீஸ் தாளை விட்டுவிட்டு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாளுக்கு, அதாவது மெல்லிய சொரசொரப்பு உள்ள கெட்டித் தாளுக்கு, மாறிப் பாருங்கள்.

கேள்வி: முனை உடைந்துகொண்டே இருக்கிறது மேடம்.

ஷார்ப்னர் பிளேடை மாற்றுங்கள். பென்சிலைக் கீழே போடாதீர்கள். உள்ளே உடைந்திருந்தால் வெளியே தெரியாது.

கேள்வி: சிறுத்தையின் வெள்ளை மீசை முடியை வெள்ளைப் பென்சிலால் மேலே போட்டால் தெரியவே இல்லை.

அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளைப் பென்சில் மங்கலாகத்தான் நிற்கும். வெள்ளை என்பது தாளில் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும். நிறம் போடுவதற்கு முன்பே, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மீசைக் கோடுகளை அழுத்தி இழுத்துப் பள்ளமாக்குங்கள். பிறகு மழுங்கிய பென்சிலைச் சாய்த்துப் பூசினால் நிறம் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும், வெள்ளைக் கோடு நிற்கும். கூர்முனையால் பூசினால் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். பென்சில் நிறத்தைக் கரைத்துக் கலக்கும் கரைப்பானையும் அந்த இடத்தில் தடவக் கூடாது. நான் ஒரு முறை தடவினேன், கரைந்த நிறம் ஓடிப்போய்ப் பள்ளத்தை நிரப்பி, மீசையெல்லாம் பழுப்பாகிவிட்டது. மறந்துபோனால் பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டலாம், அல்லது வெள்ளை குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) தொட்டு மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பு.

கேள்வி: புலிக்குக் கண் பாப்பாவைச் செங்குத்துக் கோடாகப் போட்டேன். பார்த்த நண்பர் சிரித்தார். ஏன்?

அது வீட்டுப் பூனைக்கு. புலி, சிங்கம், சிறுத்தை மூன்றுக்கும் பாப்பா வட்டம். நரிக்குச் செங்குத்து, ஆட்டுக்குப் படுக்கை. கண்ணில் உயிர் வராததற்குப் பெரும்பாலும் இன்னொரு காரணம் உண்டு: மேல் இமையின் நிழல் விழியின் மேல் விழும், அதை விட்டுவிடுகிறோம். விழியின் மேல்பகுதியை ஒரு படி இருட்டாக்குங்கள், கண் குழிக்குள் போய் உட்காரும். ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: காக்கை வரைந்தால் ஓட்டை விழுந்த மாதிரி கறுப்பாக இருக்கிறது.

கறுப்புப் பென்சிலை டப்பாவில் போட்டு மூடுங்கள். டார்க் இண்டிகோ (அடர் நீலம்), டார்க் செபியா, அடர் சிவப்பு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். வானத்தைப் பார்த்திருக்கும் சிறகில் இண்டிகோவை மட்டும் விட்டுவையுங்கள், நீலப் பளபளப்பு வரும். கறுப்பு கடைசியில், மூன்று நான்கு இடத்தில் போதும். கரடிக்கும் இதேதான், நீலத்தைக் குறைத்துப் பழுப்பைக் கூட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரையலாமா?

பழகுவதற்கு யாரும் தடுக்கப் போவதில்லை. விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ போகிறீர்கள் என்றால் எடுத்தவரின் அனுமதி வேண்டும், அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட படமாக இருக்க வேண்டும். இன்னொன்று: படத்தை இடம் வலம் திருப்பிப் பயன்படுத்தாதீர்கள். புலியின் வரிகள் நமக்குக் கைரேகை மாதிரி. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. அந்தப் புலிக்குப் பெயர் வைத்துப் பழகியவர்கள் இது வேறு புலி என்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: சுவரில் மாட்டிய கிளிப் படம் வெளுத்துவிட்டது.

ஊதாவும் இளஞ்சிவப்பும்தான் முதலில் போகும், சரிதானே? எல்லாப் பென்சிலும் வெளிச்சம் தாங்காது. கலர் பென்சிலின் ஒளி தாங்கும் திறனுக்கு ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் டி6901 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. சந்தேகமான நிறங்களை ஒரு துண்டுத் தாளில் பட்டை பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மறைத்து, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். சில மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எதை நம்பலாம் என்று தெரியும்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவன்தான். தீப்பெட்டி அளவு கன்னம் போட்டுப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது! இப்படிப் போனால் முழு முகம் எப்போது முடியும்?

A4 அளவில் ஒரு முகத்துக்கு எனக்கு நாற்பது மணி நேரம் தாண்டும். உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை பின்னணியை முதலில் முடித்துவிட்டுக் கன்னத்துக்கு வாருங்கள். ஓரத்து வெளிர் முடிகளுக்கு முன்பே பள்ளம் போட்டிருந்தால் அவை பின்னணிக்கு மேல் தானாக நீட்டிக்கொண்டு நிற்கும்.